எஸ்பிஎம் ஆங்கிலம்: மிச்சமிருக்கும் ஆறு மாதத்தை எதில் செலவிடுவது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். இந்த ஆண்டு ஐந்தாம் படிவம், அதாவது மலேசியாவில் இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் எஸ்பிஎம் அரசாங்கத் தேர்வை எழுதும் ஆண்டு. அரையாண்டுச் சோதனையில் ஆங்கிலத்துக்கு டி. டியூஷனில் இருபது கட்டுரைகளைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பையனோ நான்கைக்கூட ஒழுங்காக ஒப்பிக்கவில்லை. “இலக்கணத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கணுமா, கட்டுரையையே மனப்பாடம் பண்ண வைக்கணுமா, ஏ வாங்க முடியுமா?” என்பது அவர் கேள்வி. மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், மிச்சமிருக்கும் நேரம் கொஞ்சம், அதை எங்கே போட்டால் புள்ளி ஏறும் என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. என் பதில்: இருபது கட்டுரையும் வேண்டாம், இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டவும் வேண்டாம். எந்தத் தாளில் புள்ளி ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். அநேகமாக அது எழுத்துத் தாளாக இருக்கும். அங்கே எண்பது சொல்லில் எழுதும் குட்டி மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். ஏன் அங்கிருந்து என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை முதலில். 1119 என்ற குறியீடு கொண்ட எஸ்பிஎம் ஆங்கிலம் 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது. அதற்கு முன்பு 350 சொல்லில் ஒரு நீண்ட கட்டுரை, சுருக்கி எழுதுதல், கவிதை, நாவல் என்று இருந்தது. அக்காள்மாரும் அண்ணன்மாரும் எழுதியது அந்தத் தேர்வு. இப்போது நான்கு தாள்கள். முதல் தாள் வாசிப்பு: 40 கேள்வி, 40 புள்ளி, ஒன்றரை மணி நேரம். இரண்டாவது எழுத்து: 60 புள்ளி, அதற்கும் ஒன்றரை மணி நேரம். மூன்றாவது பேச்சு: 24 புள்ளி, மாணவர்கள் இருவர் இருவராக உள்ளே போய் ஏறக்குறைய 13 நிமிடம் பேசுவார்கள். நான்காவது செவிமடுத்தல்: 30 கேள்வி, 30 புள்ளி, 40 நிமிடம். கவிதையும் நாவலும் வகுப்பில் இருக்கலாம், இந்தத் தேர்வில் கேள்வியாக வராது. ஆகவே 2021க்கு முந்திய கேள்வித்தாள் தொகுப்பு வீட்டில் இருந்தால் வாசிக்கப் பயன்படுத்துங்கள். தேர்வுப் பயிற்சிக்கு அதை எடுக்காதீர்கள். கடையில் தள்ளுபடியில் கிடைக்கும் பயிற்சி நூல்களில் பழைய வடிவம் இன்னும் கலந்திருக்கிறது. அட்டையைத் திருப்பி, நான்கு தாளும் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன். ஆங்கிலத்தில் தோற்றால் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காது என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அது சரியில்லை. சான்றிதழுக்குக் கட்டாயமாகத் தேற வேண்டியவை மலாய்மொழியும் வரலாறும். ஆங்கிலத்தையும் கட்டாயமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது, பிறகு தள்ளிவைக்கப்பட்டது. ஈ கிடைத்தாலே தேர்ச்சி. சி-யும் அதற்கு மேலும் கிரெடிட். மேற்படிப்புக்குக் கதவைத் திறப்பது பெரும்பாலும் இந்தக் கிரெடிட்தான். எந்தப் படிப்புக்கு எவ்வளவு வேண்டும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடுவதால், பையன் போக நினைக்கும் கல்லூரியின் நுழைவுத் தகுதியை இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். இலக்கு ஏ-யா, கிரெடிட்டா என்பதை அந்தத் தாள் சொல்லட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரிசல்ட் சொல்ல வேண்டாம்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. எத்தனை புள்ளிக்கு எந்தக் கிரேடு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணைகளை நம்ப வேண்டாம். எஸ்பிஎம்முக்கு அந்த எல்லைக்கோட்டைத் தேர்வு வாரியம் வெளியில் சொல்வதில்லை. பள்ளி போடும் டி பள்ளியின் அளவுகோலில் வந்த டி. சில பள்ளிகள் இறுக்கிப் போடும், சில தளர்த்திப் போடும். பேச்சையும் செவிமடுத்தலையும் சேர்க்காமலே கிரேடு கொடுக்கும் சோதனைகளும் உண்டு. ஆகவே ‘டி வாங்கியவன் ஏ வாங்குவானா’ என்ற கேள்விக்கு, அவன் எழுதிய தாளைப் பார்க்காமல் யார் உறுதி கொடுத்தாலும் அது வியாபாரப் பேச்சு. ஆனால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஆங்கில நாளிதழில் ஓர் உள்ளூர்ச் செய்தியில் 150 சொல் அளவுக்கு ஒரு பகுதியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஏழெட்டுக்குள் இருந்து, செய்தி என்ன என்று தமிழில் சொல்ல முடிந்தால் அடித்தளம் இருக்கிறது, எழுதும் பழக்கம்தான் இல்லை. ஆறு மாதத்தில் கிரெடிட் எட்டக்கூடிய தூரம். உழைத்தால் பி-யும் வரலாம். பதினைந்து இருபது சொல் தெரியாமல், எழுத்துக்கூட்டிப் படித்தால், ஏ-யைப் பற்றிப் பேசாமல் கிரெடிட்டைக் குறிவைப்பதே நியாயம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இருபது கட்டுரையைக் கொடுப்பது தண்டனை.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆறாம் ஆண்டு முடிவில் வந்த யுபிஎஸ்ஆரும் மூன்றாம் படிவத்தில் வந்த பிடி3யும் கடைசியாக நடந்தது 2019இல். பிறகு இரண்டுமே எடுக்கப்பட்டுவிட்டன. இன்று ஐந்தாம் படிவத்தில் இருப்பவர்களுக்கு எஸ்பிஎம்தான் வாழ்க்கையில் முதல் அரசாங்கத் தேர்வு. நேரத்தைப் பார்த்து எழுதும் பழக்கம் அவர்களுக்கு இயல்பாக வந்திருக்காது. ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கத் தெரியாததாலேயே விழும் புள்ளிகள் அதிகம்.

எழுத்துத் தாளுக்கு வருவோம். மூன்று பகுதிகள். முதலாவது, ஒரு மின்னஞ்சலுக்கு ஏறக்குறைய 80 சொல்லில் பதில். இரண்டாவது, கொடுத்த குறிப்புகளை வைத்து 125 முதல் 150 சொல். மூன்றாவது, மூன்று தலைப்பில் ஒன்றைத் தேர்ந்து 200 முதல் 250 சொல். பலர் கவனிக்காத விஷயம், மூன்றுக்கும் தலா 20 புள்ளி. எண்பது சொல் எழுதினாலும் இருபது, இருநூற்றைம்பது எழுதினாலும் இருபது. அந்த இருபதும் நான்கு ஐந்துகளாகப் பிரிகிறது: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்பதற்கு ஐந்து, யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கு ஏற்ற தொனிக்கு ஐந்து, வரிசையாகக் கோத்ததற்கு ஐந்து, மொழிக்கு ஐந்து. அதாவது இலக்கணமும் சொல்வளமும் சேர்ந்தே நான்கில் ஒரு பங்குதான். மொழி தடுமாறும் பிள்ளையும் மற்ற மூன்றில் கணிசமாக எடுக்க முடியும். மனப்பாடக் கட்டுரை தோற்பதும் இங்கேதான். கேள்வி ‘உங்கள் பள்ளியில் குப்பையைக் குறைக்க மூன்று வழி’ என்று கேட்கும். பையன் மனப்பாடம் செய்த ‘சுற்றுச்சூழல் மாசு’ கட்டுரையை இறக்குவான். மொழி அழகாக இருக்கும், கேட்டதற்குப் பதில் இருக்காது. அதோடு, மனப்பாடம் செய்த பத்திக்கும் சொந்தமாக எழுதிய பத்திக்கும் இருக்கும் இடைவெளி திருத்துபவர் கண்ணில் உடனே படும். பழைய தேர்வில் தலைப்பு விரிவாக இருந்ததால் இந்த உத்தி ஓரளவு ஓடியது. இப்போது கேள்வியே என்னென்ன சொல்ல வேண்டும் என்று கட்டிப்போட்டுவிடுகிறது.

முதல் பகுதியை எப்படிச் செய்வது என்று ஒரு மாதிரியோடு காட்டுகிறேன். ஈப்போவில் இருக்கும் நண்பன் எழுதுகிறான்: ‘தைப்பூசத்துக்குப் பினாங்கு வருகிறேன், எப்போது வந்தால் நல்லது, என்ன எடுத்துவர வேண்டும், தண்ணீர்மலைக்குப் போய்விட்டு வேறு எங்கே போகலாம்?’ கேள்வி மூன்று. பையன் முதலில் பென்சிலால் அந்த மூன்றின் கீழும் கோடு போட்டு 1, 2, 3 என்று எண் இட வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம்: ஒன்று பதில், இன்னொன்று காரணம் அல்லது விவரம். முந்திய நாள் மாலையே வா, காலையில் சாலையை மூடிவிடுவார்கள். தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் கொண்டுவா, வெயில் கடுமையாக இருக்கும். மறுநாள் கொடிமலைக்குப் போகலாம், மேலே குளிராக இருக்கும். தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி. ஆறும் இரண்டும் எட்டு வாக்கியம், வாக்கியத்துக்குப் பத்துச் சொல், எண்பது வந்துவிட்டது. இதில் வழக்கமாகக் கெடுவது இரண்டு. ஒன்று, மூன்றில் ஒரு கேள்வியை விட்டுவிடுவது. இன்னொன்று, நலம் விசாரிப்பு. ‘ஐ ஹோப் யூ ஆர் இன் தி பிங்க் ஆஃப் ஹெல்த்’ என்ற அந்தப் பழைய வரியை எந்தத் தலைமுறை ஆசிரியர் ஆரம்பித்து வைத்தாரோ, இன்னும் விட்டபாடில்லை. அதுவும் அதன் வாலும் சேர்ந்து எண்பதில் இருபது சொல்லைத் தின்றுவிடும். நண்பனுக்கு எழுதும்போது இறுக்கமில்லாத ஆங்கிலம் போதும், சுருக்கவடிவங்கள் தாராளமாக வரலாம். ஆனால் நம் பேச்சு ஆங்கிலத்தின் ‘லா’வும் ‘கேன் ஆ’வும் வரக் கூடாது.

சொற்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அவன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் விழுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது என்றால் முதல் பகுதிக்கு ஒன்பது வரி, இரண்டாவதற்கு பதினாறு, மூன்றாவதற்கு இருபத்தைந்துக்குச் சற்று மேல். தேர்வு மண்டபத்தில் கண்ணால் பார்த்தே நிறுத்தலாம். நேரத்துக்கு நான் பரிந்துரைப்பது முதல் பகுதிக்கு 15 நிமிடம், இரண்டாவதற்கு 28, மூன்றாவதற்கு 40, கடைசியில் 7 நிமிடம் வினைச்சொற்களை மட்டும் சரிபார்க்க. பலவீனமான பிள்ளைகள் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்கி, மணியடிக்கும்போது மின்னஞ்சலைப் பாதியில் விட்டுவிடுவார்கள். எளிதாக வரவேண்டிய இருபது அங்கே போகிறது.

இரண்டாம் பகுதியில் பெரும்பாலும் மூன்று குறிப்பு கொடுத்திருப்பார்கள். குறிப்புக்கு ஒரு பத்தி, பத்திக்கு மூன்று வாக்கியம்: கருத்து, காரணம், நம் ஊர் எடுத்துக்காட்டு. முன்னுரையும் முடிவுரையும் தலா ஒரு வாக்கியமே போதும்.

மூன்றாம் பகுதியில் கதை, கட்டுரை, அறிக்கை, விமர்சனம் ஆகிய வகைகளிலிருந்து மூன்று வரும். எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒன்றை மட்டும் தயார் செய்வது ஆபத்து, நான்கையும் தயார் செய்வது வீண். மொழி தடுமாறும் பிள்ளைக்கு அறிக்கையும் விமர்சனமும் பாதுகாப்பு. அறிக்கைக்கு எலும்புக்கூடு நிலையானது: யாருக்கு, எதைப் பற்றி, என்ன நோக்கம், கண்டது என்ன, என்ன செய்யலாம். விமர்சனமும் அப்படித்தான்: எது, எங்கே, என்ன பிடித்தது, எது குறை, யார் போகலாம். ஓர் உணவுக்கடையையோ பார்த்த படத்தையோ பற்றி அவனுக்கு நிச்சயம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். எழுதச் சரக்கு இல்லாத நிலை வராது. கதையைத்தான் பிள்ளைகள் விரும்பி எடுப்பார்கள், அதில்தான் விழுவார்கள். 250 சொல்லும் இறந்தகாலத்தில் நிற்க வேண்டும், மூன்றாவது பத்தியில் நிகழ்காலத்துக்கு நழுவிவிடும். கடைசியில் ‘திடீரென்று விழித்தேன், எல்லாம் கனவு’ என்று முடியும்.

இலக்கணத்தை முழுதாக ஆரம்பிக்க வேண்டாம் என்றேன். தமிழ் வீட்டில் பேசி, மலாயில் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு வரும் பிழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பவை அல்ல. ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். முதலாவது, விடுபடும் வினை. ‘என் ஆசிரியர் கண்டிப்பானவர்’ என்பதில் தமிழில் தனி வினை இல்லை, அதையே மலாயில் சொல்லும் ‘சிகு சாயா காராங்’ என்பதிலும் இல்லை. அதனால் ‘மை டீச்சர் வெரி ஸ்ட்ரிக்ட்’ என்று ‘இஸ்’ இல்லாமல் எழுதுவான். அதைத் திருத்தப்போய், தேவையில்லாத இடத்தில் ‘ஐ ஆம் அக்ரீ’ என்று நுழைப்பான். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். விதி எளிது: ஒரு வாக்கியத்தில் செயல் இருந்தால் அந்தச் செயலே வினை, செயல் இல்லாவிட்டால் ‘இஸ், ஆர், வாஸ்’ ஒன்று வேண்டும். இரண்டாவது, பன்மை. தமிழில் ‘மூணு புத்தகம்’ என்போம், மலாயில் ‘தீகா பூகூ’ என்போம். எண் வந்துவிட்டால் இரண்டு மொழியும் பன்மை விகுதியைத் தேடுவதில்லை. ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது, ‘த்ரீ புக்ஸ்’தான். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று எழுதுவதும் இதே குடும்பம்.

மூன்றாவது, காலம். மலாயில் நேற்றும் ‘பெர்கி’, நாளையும் ‘பெர்கி’. தமிழில் போனேன், போகிறேன், போவேன் என்று மாறும். ஆகவே தமிழ்ப் பிள்ளைக்குக் காலம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதே இல்லை. வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தால் எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். பிரச்சினை கவனத்தில்தான். எழுதி முடித்ததும் எல்லா வினையையும் வட்டமிட்டு, ஒரே காலத்தில் நிற்கிறதா என்று வினையை மட்டும் படித்துக்கொண்டு போகட்டும். இந்த ஒரு பழக்கம் தரும் பலன், இருபது பயிற்சித் தாள் தரும் பலனைவிட அதிகம் என்பது என் கணிப்பு. நான்காவது, நீளும் வாக்கியம். ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போனேன்’ என்று எச்சங்களைக் கோத்து ஒரே முற்றுவினையில் முடிப்பது தமிழுக்கு அழகு. அதையே ஆங்கிலத்தில் செய்யும்போது காற்புள்ளியால் இணைத்துக்கொண்டே போவான், முற்றுப்புள்ளி வரவே வராது. பதினைந்து சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம் போகக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடுங்கள். அப்படியே ‘ஆல்தோ’ போட்ட வாக்கியத்தில் ‘பட்’ கூடாது, ‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘அபௌட்’ கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் ‘ஏ’, ‘தி’ இரண்டும் வரும் இடங்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படமாட்டேன். தமிழிலும் மலாயிலும் அப்படி ஒன்று இல்லாததால் அது கைவர ஆண்டுகள் ஆகும், தப்பினாலும் பொருள் கெடாது. பொருளைக் கெடுக்கும் பிழையை முதலில் வெட்டுங்கள்.

திருத்தும் முறை முக்கியம். சிவப்பு மையில் எல்லாப் பிழையையும் குறித்துத் திருப்பிக் கொடுத்தால் பையன் பார்ப்பது மதிப்பெண்ணை மட்டும்தான். டியூஷன் ஆசிரியரிடம் இப்படிக் கேளுங்கள்: ஒரு வாரம் வினைப் பிழையை மட்டும் கோடிடுங்கள், சரியான வடிவத்தை எழுதித் தராதீர்கள், அவனே திருத்தி இரண்டு நாளுக்குள் மறுபடி முழுதாக எழுதட்டும். அடுத்த வாரம் பன்மை. நல்ல ஆசிரியர் இதற்கு ஒப்புக்கொள்வார், வேலையும் அவருக்குக் குறைவு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் இதே எல்லைக்குள் வைத்தால் தப்பில்லை. ‘என் பிழை எந்த வரியில் இருக்கிறது’ என்று கேட்கலாம், ‘எழுதிக் கொடு’ என்று கேட்டால் பழைய மனப்பாடக் கட்டுரைக்கே திரும்பிவிட்டோம்.

வாசிப்புத் தாளில் ஐந்து பகுதி. எட்டுச் சிறு அறிவிப்புகள், பத்து இட நிரப்பல், நீண்ட பகுதியிலிருந்து எட்டுக் கேள்வி, வாக்கியம் எடுக்கப்பட்ட பகுதியில் ஆறு இடம், கடைசியில் பொருத்துதலும் சொல் நிரப்புதலுமாக எட்டு. தவறான பதிலுக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடக் கூடாது. முதல் இரண்டு பகுதியை இருபத்திரண்டு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகினால் மீதிக்கு மூச்சு கிடைக்கும். நான்காம் பகுதிதான் ஆளை விழுத்தும். ஆறு இடத்துக்கு எட்டு வாக்கியம் கொடுத்திருப்பார்கள், இரண்டு சும்மா. ஒன்றைத் தப்பாக வைத்தால் அது இன்னொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வழி என்னவென்றால், வாக்கியங்களைப் பார்க்காமல் முதலில் பகுதியை ஒருமுறை ஓட்டிப் படிப்பது. பிறகு எட்டு வாக்கியத்திலும் ‘ஹீ, திஸ், தோஸ், ஹவெவர்’ போன்ற சொற்களைக் கோடிடுவது. ‘தோஸ்’ என்றால் முந்திய வரியில் பன்மையில் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அதைத் தேடிப்போனால் இடம் கிடைக்கும். உறுதியானதை முதலில் வைத்துவிட்டுச் சந்தேகத்தைக் கடைசிக்கு ஒத்திப்போட வேண்டும். ஐந்தாம் பகுதியில் நிரப்பும் சொல்லை, படிக்கக் கொடுத்த பத்தியில் இருக்கிறபடியே, எழுத்து மாறாமல் எடுக்க வேண்டும். சொந்தச் சொல் போட்டால் பொருள் சரியாக இருந்தாலும் போச்சு.

வாசிக்க என்ன கொடுப்பது? தமிழ் நாளிதழில் படித்த அதே செய்தியை அன்றே ஆங்கில நாளிதழில் படிப்பதுதான் எனக்குத் தெரிந்த மலிவான வழி. விஷயம் ஏற்கனவே தெரியும் என்பதால் அகராதியைத் தொடாமலே பாதிச் சொல் புரியும். பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் செபராங் ஜெயாவிலேயே பொது நூலகம் இருக்கிறது. பதின்ம வயதினருக்கான எளிய கதைப்புத்தகம் இரண்டு எடுத்து வந்தால் செலவும் இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் வாசிப்பு மட்டும் கிரேடைத் தூக்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது மெதுவாக வேலை செய்யும் மருந்து.

பேச்சையும் செவிமடுத்தலையும் டியூஷனில் பெரும்பாலும் தொடுவதே இல்லை. முந்திய ஆண்டுகளின் தாளைப் போட்டுத் திருத்துவது வசதி, பேசவைப்பது தொல்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு விரைவாக ஏறக்கூடியது இங்கேதான். பேச்சுத் தேர்வில் ஓர் ஆசிரியர் கேள்வி கேட்பார், இன்னொருவர் பேசாமல் மதிப்பிடுவார். முதலில் தன்னைப் பற்றிய எளிய கேள்விகள். அடுத்து ஓர் அட்டை கொடுப்பார்கள். யோசிக்க 20 வினாடி, பேச ஒரு நிமிடம். கடைசியில் சக மாணவனோடு ஒரு தலைப்பைப் பேசி முடிவுக்கு வரவேண்டும். ஒரு நிமிடம் நமக்குச் சிறிது. பழகாத பிள்ளை முப்பது வினாடியில் நின்றுவிடுவான். அட்டையில் இருக்கும் குறிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ‘எது, ஏன், ஓர் உதாரணம்’ என்று மூன்று வரி சொன்னால் நிமிடம் நிறைந்துவிடும். இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. கைப்பேசியில் நேரத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால் போதும். கடைசிப் பகுதியில் புள்ளி இழப்பது பெரும்பாலும் நன்றாகப் பேசும் பிள்ளை: தானே பேசிக்கொண்டு போவான், மற்றவனை இழுக்கமாட்டான். ‘வாட் டு யூ திங்க்?’ என்று கேட்பதும், அவன் சொன்னதைத் தொட்டுப் பதில் சொல்வதும் இங்கே எதிர்பார்க்கப்படுகிறது.

செவிமடுத்தலில் ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை ஒலிக்கவிடுவார்கள். கேட்கும் உச்சரிப்பு நம் கடைத்தெரு ஆங்கிலம் இல்லை என்பதே முதல் தடை. பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலப் பாட நிகழ்ச்சி இணையத்தில் இலவசம், எழுத்து வடிவமும் அங்கேயே கிடைக்கும். முதல் முறை எழுத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டும், இரண்டாம் முறை பார்த்துக்கொண்டு, மூன்றாம் முறை மறுபடி பார்க்காமல். வாரத்துக்கு மூன்று போதும். தேர்வில் ஒலி தொடங்குமுன் கிடைக்கும் சில வினாடியில் கேள்வியைப் படித்து, காதில் விழப்போவது எண்ணா, இடமா, ஆளா என்று ஊகித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பத்துக் கேள்வியில் சொல்லை எழுத வேண்டியிருக்கும். அங்கே எழுத்துப்பிழை புள்ளியைத் தின்னும். கிழமை, மாதம், எண்கள், பள்ளிப் பாடங்களின் பெயர்கள் இவற்றின் எழுத்துக்கூட்டலை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஐந்தாம் படிவத்திலுமா என்று தோன்றும். ‘வெட்னஸ்டே’யை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

வாரத்துக்கு நான்கரை மணி நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி எழுத்துக்கு: ஒரு மின்னஞ்சல், ஒரு நடுத்தரம், முந்திய வாரத்தியதைத் திருத்தி மறுபடி எழுதுவது. நீண்டது இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். ஒன்றரை மணி வாசிப்புத் தாள், பாதி பாதியாக. மீதி ஒரு மணி செவிமடுத்தலுக்கும் பேச்சுக்கும், ஒரே மூச்சில் இல்லாமல் தினம் பத்து நிமிடமாக. தேர்வுத் தேதி பெருந்தொற்றுக்குப் பின் மறு ஆண்டுத் தொடக்கம் வரை தள்ளிப்போய், பிறகு ஆண்டிறுதிக்குத் திரும்பியது. பேச்சுத் தேர்வு எழுத்துத் தாள்களுக்கு முன்பே வந்துவிடும். ஆகவே பள்ளி கொடுக்கும் அட்டவணையில் பேச்சுத் தேர்வின் நாளை முதலில் பார்த்து, அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து தினப் பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்குங்கள். எஸ்பிஎம்முக்கு முன் பள்ளி வைக்கும் டிரையல் (முன்னோட்டத் தேர்வு) முடிந்ததும் நான்கு தாளின் புள்ளியையும் தனித்தனியாக ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். மொத்தக் கிரேடை மட்டும் சொன்னால் எதைத் திருத்துவது என்று தெரியாது. எழுத்தில் 60க்கு 30ஐத் தொடாமல் இருந்தால் மூன்றாம் பகுதியை ஒரு மாதம் ஒத்திவைத்து, முதல் இரண்டையும் இன்னும் இறுக்குங்கள். அப்படியும் கிரெடிட் தவறினால், அடுத்த எஸ்பிஎம்மில் தனியார் தேர்வராக ஆங்கிலத்தை மட்டும் பதிந்து எழுத வழி உண்டு. பதிவுக் காலம் தவறிவிடாமலிருக்க, ரிசல்ட் கையில் கிடைத்த வாரமே தேதியை விசாரித்துவிடுங்கள்.